துடைக்காத கைகள்

பிரசவ அறையின் கதவு மூன்றாவது முறையாகத் திறந்தது. கையில் மஞ்சள் கம்பளித் தொப்பியைக் கசக்கிப் பிடித்தபடி அந்த மனிதர் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் இல்ல. போய் உட்காருங்க,” என்று நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

கட்டிலில் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அவர்கிட்டயே கொடுத்துடு. எனக்கு ரெண்டு இருக்கு, போதும். இது பிள்ளையில்லாத வீட்டுக்குன்னு மாசக்கணக்கா பேசி வச்சாச்சு. முகத்தைப் பார்த்தேன்னா என்னால முடியாது.”

“கொடுக்கலாம். முதல் ஒரு மணி நேரம் தாய்மேலதான் இருக்கணும்.”

பதினெட்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லும் வாக்கியம்தான். இன்று அதைச் சொல்லும்போது அவள் கதவுப் பக்கம் பார்க்கவில்லை.

தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். “இன்னைக்கு ஒரு நாளாவது உங்க சட்டத்தை ஓரங்கட்டக் கூடாதா, சிஸ்டர்?”

“நம்ம ஏற்பாடெல்லாம் குழந்தைக்குத் தெரியாதே, டாக்டர்.”

நர்ஸ் குழந்தையின் உடம்பைத் துடைத்தாள். கைகளை மட்டும் துடைக்கவில்லை. அந்த ஈரத்தில் இருக்கும் வாசனைதான் தாயின் மார்பைத் தேட அதற்கு வழிகாட்டி. தாயின் வயிற்றின்மேல் குப்புறப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டாள்.

பத்து நிமிடம் அசைவே இல்லை. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், மின்விசிறியைக் குறைத்தாள், கூட்டினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்த தட்டை மறுபடி அடுக்கினாள்.

பிறகு அது தன் முஷ்டியை நக்கிப் பார்த்தது. கால்களை உந்தியது. தலையைத் தூக்கி, தொப்பென்று போட்டு, மூச்சு வாங்கி, மறுபடி உந்தியது. ஒரு சாண் தூரத்துக்கு அரை மணி நேரம்.

“ஆமை தோத்துச்சு போ,” என்றார் டாக்டர்.

“கூசுது. எடுத்துடு,” என்றாள் தாய். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. “சொல்றேன்ல, எடுத்துடு!”

நர்ஸின் கை குழந்தையின் முதுகு வரை போனது. அங்கேயே நின்றது. திரும்பி வந்தது.

குழந்தை வாயை அகலத் திறந்து, ஒரு முறை தவறி, மறுமுறை கவ்விக்கொண்டது. அந்த அறையில் அது குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கம்பியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. “நான்... கை வச்சுக்கலாமா?”

“உன் பிள்ளை. என்னை எதுக்குக் கேக்குறே?”

நர்ஸ் அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவர் எழுந்து, இரண்டு கைகளாலும் தொப்பியை நீட்டினார். அவள் அதை வாங்கி, கசங்கலை நீவிக்கொண்டே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நாம பெரியம்மா பெரியப்பாவாவே இருந்துடலாங்க.”