நெஞ்சில் நாலு எழுத்து

“ஜெயசீலி... சம்சாரம் பேரா சார்?”

சட்டையைக் கழற்றிய வேம்புலியின் மார்பில் பச்சை குத்தியிருந்ததைப் படித்துவிட்டு நர்ஸ் அருள்செல்வி கேட்டாள். அவர் சட்டையை மடித்து நாற்காலியில் போட்டார்.

“கட்டினவ உயிரோட இருக்கும்போதே அவங்க பேரை அழிக்க வந்திருக்கீங்க. லேசர் வந்தாலும் வந்தது!”

“எம் பொண்டாட்டி பேரு லோகநாயகிம்மா.”

அருள்செல்வியின் கையிலிருந்த பஞ்சு நழுவிக் கீழே விழுந்தது.

“அப்போ இது?”

“கண்ணாலத்துக்கு மின்ன ஒரு பொண்ணு மேல ஆசை. பட்டாபிராம் திருவிழாவுல குத்திகினேன். அது வேற எடத்துல வாக்கப்பட்டுப் பூடுச்சி. அப்பால லோகுவைக் கட்டினேன். மொத நாளே ‘இன்னா எழுதிகீது?’ன்னு கேட்டா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. உன் பேருதான்னுட்டேன்.”

“அடப்பாவி!” வாய் தவறி வந்துவிட்டது. நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வேற யாரும் பார்க்கலையா?”

“அக்னி வெயில்லகூட பனியனைக் கழட்ட மாட்டேன். அவ ஒருத்திதான் பார்ப்பா. இருபது வருசமா தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திகினு கீறா.”

உள்ளே வந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இருபது வருஷம் தாக்குப் பிடிச்சிட்டு, இப்ப என்ன அவசரம்?”

“கோவில்பதாகையில எங்க தெருவுலயே முதியோர் கல்வி வகுப்பு ஆரம்பிச்சிட்டாங்க சார். பேரு குடுத்துட்டு வந்துட்டா. திங்கக்கெயமை கிளாசு. இன்னிக்கே சுத்தமா எடுத்துடுங்க!”

“சிலேட்டைத் துடைக்கிற மாதிரி இல்லைங்க இது. ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி சுளீர் சுளீர்னு அடிக்கும். உடனே வெள்ளையாகும். அப்புறம் கொப்புளம், பொருக்கு. சொறியக் கூடாது, தானா உதிரணும். ஒரு தடவை அடிச்சா ஒன்றரை மாசம் விட்டுத்தான் அடுத்தது. முழுசா மங்க ஒரு வருஷம்கூட ஆகலாம்.”

“ஒரு வருசமா?” வேம்புலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதுக்குள்ள அவ பேப்பரே படிச்சிடுவா சார்!”

லேசர் அடித்தபோது அவர் போட்ட கூச்சல் ஆவடியில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும்.

வீட்டில் லோகநாயகி அவர் நெஞ்சில் போட்டிருந்த கட்டைப் பார்த்துப் பதறினாள். “இன்னாய்யா இது?”

“தேமலு. டாக்டரு லைட்டு வெச்சி சுட்டாரு.”

“ஐயோ, எம் பேரு மேலயா?”

பழைய வேட்டியில் மெத்தென்று ஒரு துண்டு கிழித்து, பனியன் உரசாதபடி உள்ளே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பிலிருந்து வந்தவள் நேராகப் போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள்.

“எழுத்து வந்துச்சா லோகு?”

திரும்பி அவருடைய கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “எங்க? மண்டையில ஏறல.”

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் அதே பதில்தான். ஒவ்வொரு தடவையும் லேசர் அடித்துக்கொண்டு வந்து, களிம்பு போட்டுவிடும் அவளிடம் விசாரிப்பார்.

“இப்ப எது வரிக்கும் வந்துகீற?”

“ ‘இ’னா. சுழிக்கறதுக்குள்ள வெரலு சுளுக்கிக்குது.”

“போன மாசமும் ‘இ’னாதானேடி!”

“அது அவ்ளோ லேசாவா வருது?”

சரியான மக்கு என்று மனசுக்குள் சந்தோஷமாகத் திட்டிக்கொள்வார்.

ஒரு நாள் பூந்தமல்லி போக ஆவடியில் நின்றிருந்தார்கள். தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டை வேம்புலி கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள், லோகநாயகி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்புறம், “எந்தப் பஸ்ஸுன்னு பார்த்துச் சொல்லுய்யா” என்றாள்.

கடைசித் தடவை அடித்ததில் வந்த பொருக்கும் உதிர்ந்தது. கிளினிக்கில் அருள்செல்வி கண்ணாடியை நீட்டினாள்.

“லேசா நிழல் மாதிரி இருக்கும் சார். அது போகாது.”

“அதை யாராச்சும் படிக்க முடியுமா?”

“முடியாது.”

வேம்புலிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நேராக முதியோர் வகுப்புக்குப் போனார். டீச்சர் ஜமீலா வாசலில் நின்றிருந்தாள்.

“இன்னா டீச்சர், இத்தினி மாசமா இன்னாத்த சொல்லிக் குடுத்தீங்க? எம் பொண்டாட்டி இன்னும் ‘இ’னாவுலயே கீறா! இனிமேலாச்சும் ஒயுங்கா...”

உள்ளே யாரோ பெண்களுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு, தங்கம் என்ன விலை... தடங்கலே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

லோகநாயகியின் குரல்.

“எங்கிட்ட... வரலன்னு...” வேம்புலி டீச்சரைப் பார்த்தார்.

ஜமீலா அவரை ஓரமாக அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மொத நாள் எல்லாருக்கும் அவங்கவங்க பேரை எழுதிக் காட்டினேன். ‘எனக்கு எம் பேரு வரும் டீச்சர், இருபது வருசமா பார்த்துகினு கீறேன்’னு அக்கா ஆசையா சிலேட்டுல எழுதினாங்க. நான்தான் தெரியாம, ‘யாருக்கா இந்த ஜெயசீலி?’ன்னு கேட்டுட்டேன்.”

வேம்புலி சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“அக்கா சிலேட்டை அழிச்சாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சிகிட்டு சொன்னாங்க... ‘எங்க ஊட்டுக்காரரு நெஞ்சைச் சுட்டுகினு வந்து நிக்கிறாரு டீச்சர். அந்தப் புண்ணு ஆறுற வரிக்கும் எனக்குப் படிக்க வரலன்னே இருக்கட்டும்.’ ”