உப்புச் சத்து

ஜலஜா வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் நாகவள்ளியின் சமையலறைக்குள் நுழைந்து ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டார்.

"தண்ணி எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே மேல் தட்டு, கீழ்த் தட்டு, முட்டை வைக்கும் இடம் வரைக்கும் ஒரு நோட்டம். மூடினார். மறுபடியும் திறந்தார்.

பெண் வீட்டுக்கு வந்தவரா, வீட்டைச் சோதனை போட வந்தவரா? நாகவள்ளிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள். என்ன செய்ய, மாப்பிள்ளையின் அம்மா. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வேண்டும் என்று இந்த வளைகுடா நாட்டின் தென்கோடியில் இருக்கும் சலாலாவிலிருந்து இவர்கள் இருக்கும் ரூவிக்குத் தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார்.

அப்போதுதான் ஜலஜாவின் கை ஃப்ரிட்ஜின் மேலே போனது.

"இது யாருக்கு மாத்திரை?"

காலையிலிருந்து வீடு முழுக்க மாத்திரைகளை ஒளித்து வைத்த நாகவள்ளி, கண்ணெதிரே இருந்த பெட்டியைக் கோட்டை விட்டிருக்கிறாள்!

மகள் சந்தியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டால் ஒரு தொந்தரவும் இல்லை. போன வருடம் ஈசா டவுன் வரனிடம் அவள் அப்பா அம்மையப்பன் இதை ஒளிக்காமல் சொன்னார். அதோடு சரி, பஹ்ரைனிலிருந்து போனே வரவில்லை. அதனால் இந்தமுறை நாகவள்ளி கணவனிடமும் மகளிடமும் தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சந்தியா டூட்டியிலிருந்து வருவதற்குள் பேச்சை முடித்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஜலஜா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தார்.

"ஃபெனிடாயின்... சோடியம்."

சோடியம்! முழுகப் போனவளுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது.

"சந்தியாவுக்குத்தான் சம்பந்தியம்மா. உடம்புல உப்புச் சத்து கொஞ்சம் கம்மி. சோடியம்னா உப்புதானே? இந்த ஊர் வெயிலுக்கு வேர்த்து வேர்த்தே எல்லாம் போயிடுது."

ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மையப்பனுக்கு டீ புரையேறியது.

"உப்பா?" என்றார் ஜலஜா.

"வெறும் உப்புதாங்க! டாக்டர்தான் வாயில நுழையாத பேரா எழுதிட்டாரு."

ஜலஜா பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இதுல உப்பு பேருக்குத்தாங்க. முன்னாடி இருக்கிற பேருதான் மருந்து. பழைய மருந்து. வலிப்புக்குக் கொடுக்கிறது."

பின்னால் வந்த நாகவள்ளி ஹால் வாசலிலேயே நின்றுவிட்டாள். போச்சு, இதுவும் ஈசா டவுன் மாதிரிதான் ஆகப்போகிறது.

"உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"ஊர்ல ஒரு பேரு போட்டு விக்கிறாங்க, இங்க வேற பேரு. ஊர் அட்டையைக் காட்டினா பார்மசிக்காரர் 'மாஃபி', இல்லேன்னு கையை விரிச்சுட்டாரு. அழுதுட்டேன். அப்புறம்தான் அட்டைக்குப் பின்னால பொடி எழுத்துல இருக்கிற பேருதான் எல்லா ஊருக்கும் ஒண்ணுன்னு புரிஞ்சுது. எழுத்துக் கூட்டி மனப்பாடம் பண்ணிக்கிட்டேன்." ஜலஜா கண்ணாடியைக் கழற்றினார். "எங்க பையன் சரவணகுமாருக்காக."

அம்மையப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஜலஜா தொடர்ந்தார்.

"ஒன்பதாங் கிளாஸ்ல ஆரம்பிச்சது. மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் பஸ் ஏறினேன். வந்ததிலேருந்து வாய் வரலை. கை சும்மா இருக்காம ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன், மூடறேன்... அந்தப் பெட்டியைப் பார்த்ததும்தான் தெம்பு வந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்கன்னு தோணுது. எனக்கு முழுச் சம்மதம். இனி நீங்கதான் சொல்லணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் கழுவ எழுந்து போனார்.

பாத்ரூம் கதவு சாத்தியதுதான் தாமதம். நாகவள்ளி கணவனைப் படுக்கையறைக்குள் இழுத்துப் போனாள்.

"கேட்டீங்களா அநியாயத்தை? பையனுக்கு வலிப்பாம்! இத்தனை நாள் மூச்சு விட்டாங்களா? இவ்வளவு பெரிய விஷயத்தை மறைச்சு நம்ம தலையில கட்டப் பார்த்திருக்காங்களே! இந்தச் சம்பந்தம் வேண்டவே வேண்டாங்க."

அம்மையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வள்ளி, நம்ம வீட்டுச் சோத்துல நீ உப்புப் போட்டுத்தானே சமைக்கிறே?"