இரண்டாம் பாகத்துத் திமிங்கலம்

டேப்பை மாட்டியது டமாரம்.

டமாரம் என்பது அந்த இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவனின் பட்டப்பெயர். எந்த வேலையிலும் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைப்பு. ஒலிப்பதிவாளர் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று எல்லோரும் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. அலமாரியிலிருந்து டேப்பை எடுத்தான், மாட்டினான், பொத்தானைத் தட்டினான்.

ஸ்டூடியோவில் டேப்பை எப்போதும் முடிவு வெளியே இருக்கும்படிதான் சுற்றி வைப்பார்கள். கேட்பதற்கு முன் ஒரு தடவை திருப்பிச் சுற்ற வேண்டும். அவசரக்குடுக்கைக்கு அது எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

நாலு பாகமாகப் போட்ட இசை, கடைசியிலிருந்து முதலுக்கு, பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது.

இசைத்தட்டு வெளிவருவதற்கு முன் வீட்டு மனிதர்களுக்குப் போட்டுக் காட்டத்தான் இந்தக் கூட்டம். எல்லோரும் திருதிருவென்று முழித்தார்கள். டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் விக்கல் எடுத்தது போல உள்ளே இழுத்துக்கொண்டது.

"எந்தப் பக்கமா போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கு மாப்ளே" என்றார் டமாரத்தின் மாமியார்.

கிட்டார்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அறை முழுக்கச் சிரித்தது.

ஆர்கன் வாசிக்கிறவன் மட்டும் சிரிக்கவில்லை.

நிறுத்தப் போன அவன் கையை டமாரம் தட்டிவிட்டான். இதுவும் நல்லாத்தான்டா இருக்கு, ஓடட்டும் என்றான்.

ஆர்கன்காரனின் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். வாசலிலேயே அந்த மாமியாரைப் பிடித்து, இரண்டாம் பாகம் முழுக்க எங்க வீட்டுக்காரர் போட்டதுதான் என்று சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு பெருமை. உருப்படாத கச்சேரிக்காரனைக் கட்டிக்கொண்டாயே என்று அவள் அண்ணன் எத்தனை தடவை குத்திக் காட்டியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். அவர் மனசு எனக்குத் தெரியும் அண்ணா என்பாள்.

அவள் என்னத்தைக் கண்டாள் தன்னிடம் என்று அவனுக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

அந்த இரண்டாம் பாகம்தான் இப்போது வரப்போகிறது.

அதில் மற்ற வாத்தியமெல்லாம் ஓய்ந்துவிடும். ஆர்கன் ஒரே சுரத்தில் நிற்க, அடியாழத்திலிருந்து ஒரு குரல் எழும்பி வரும். மனுஷக் குரல் என்றும் சொல்ல முடியாது, மிருகக் குரல் என்றும் சொல்ல முடியாது. பாட்டே இல்லாத இசையில் அதுதான் பாடகர் என்று குழுவுக்குள் பேச்சு. திமிங்கலம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எங்கே பிடித்தாய் இந்தத் திமிங்கலத்தை என்று கேட்டவர்களிடமெல்லாம், மிஷினில் வரவழைத்தேன் என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தான்.

பிடித்தது குளியலறைக் கதவுக்கு வெளியே.

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெறப் போனவளும் அவனும் வெறுங்கையோடு வீடு திரும்பிய நாள் அது. அவள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அழுகை சுவரில் மோதி மோதி வெளியே வந்தது. அவன் கதவைத் தட்டத்தான் போனான். சத்தியமாகத் தட்டத்தான் போனான். ஓங்கிய கையோடு நின்று அந்த எதிரொலியைக் கேட்டான். பிறகு பூனை மாதிரி போய் டேப் ரெக்கார்டரையும் மைக்கையும் எடுத்து வந்தான். சீ, என்ன ஜென்மமோ!

ஹெட்போன் மாட்டியிருந்தும் அவள் என்ன சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை. ஒலி அளவைக் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிடக் கூடாதே என்று அதிலேயே கண்ணாக இருந்தான். மறுநாள் டேப்பைத் தலைகீழாக ஓட்டித் திமிங்கலம் ஆக்கிவிட்டான். நேராக ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. அதற்கு அவனுக்கு முகம் இல்லை.

தலைகீழாகப் பதித்ததைத் தலைகீழாக ஓட்டினால் நேராகிவிடும். இந்த அறையில் அது அவன் ஒருவனுக்குத்தான் உறைத்திருந்தது.

மூன்றாம் பாகம் தேய்ந்து ஓய்ந்தது. ஆர்கன் எழுந்தது. மிஷினை அணைத்துவிடுவது என்று அவனும் எழுந்தான்.

மனைவி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருங்க. உங்களோடதுதானே வருது."

உட்கார்ந்தான்.

முதலில் ஒரு பெண்ணின் விம்மல் வந்தது. அதன் பின்னால் சுவரில் மோதிய எதிரொலி வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், டேப்பில். மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகுவது அவனுக்குத் தெரிந்தது.

பிறகு, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல, அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"கதவுக்குக் கீழ உங்க கால் தெரியுதுங்க. எவ்வளவு நேரம் அங்கேயே நின்னு அழுவீங்க? எனக்கு ஒண்ணுமில்ல, இதோ வந்துடறேன். நீங்க அழாதீங்க."



மனைவி அவன் மணிக்கட்டை விட்டாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள்.

அவன் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.