சோடி அன்னம்

மகேசன் பனியில் குப்புறப் படுத்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அன்னங்கள் இரண்டும் இன்னும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடியே நின்றன.

மைனஸ் பதினாலு. ஒஸ்லோவின் ஒஸ்தன்ஷோ ஏரி முழுக்க உறைந்து, ஓடை வந்து விழுகிற மூலையில் மட்டும் ஒரு மணவறை அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. ஏரியிலுள்ள அத்தனை வாத்துகளும், சாப்பாட்டு மண்டபக் கதவு திறந்ததும் நம்மவர்கள் நெருக்குவதுபோல, அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

அவனுக்கு வேண்டியது ஒரேயொரு படம். இரண்டு அன்னம், முகத்துக்கு முகம், கழுத்துகள் வளைந்து நடுவில் ஒரு இதய வடிவம். அது தர்மலிங்கத்தாரின் மகள் அபிஷாவின் கல்யாண அல்பத்து அட்டைக்கு. நாளைக்கு அச்சுக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

சாதாரணமாக இதற்காக யாரும் வீட்டுக் கதவைக்கூடத் திறப்பதில்லை. சென்னையிலிருந்து வந்த சிடி ஒன்று இருக்கிறது. அதில் அருவி, தாஜ்மகால், அன்னம் எல்லாம் ஆயத்தமாக நிற்கும். மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் வெட்டி ஒட்டினால் காரியம் முடிந்தது. அந்தச் சிடியின் புண்ணியத்தில் ஒஸ்லோவில் நாலு வீட்டுக் கண்ணாடி அலுமாரிகளுக்குள் ஒரே சோடி அன்னம் முத்தமிட்டுக்கொண்டிருக்கிறது.

அதில் ஒரு வீடு அருளானந்தனுடையது. போன வருடம் தமிழ்ச் சங்கத் தேர்தலில் தர்மலிங்கத்தாரை ஒரேயொரு வாக்கால் கவிழ்த்த அருளானந்தன்.

தர்மலிங்கத்தார் மற்ற மூன்று சங்கங்களுக்கு இன்னும் தலைவர். லோறென்ஸ்கூக்கில் மாடிவீடு வாங்கிய நாளிலிருந்து அவருடைய குரலும் ஒரு மாடி ஏறிவிட்டது. மருமகனின் பெயரை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'துரொண்ட்ஹெய்ம் எஞ்சினியர்' என்று, அவர் வேலைசெய்கிற ஊரைச் சேர்த்துத்தான் சொல்லுவார். கல்யாணத்துக்கு வெள்ளைக் குதிரை வண்டி பிடித்தார். குதிரை மண்டப வாசலில் இலத்தி போட்டதும், அதை அவர் பட்டு வேட்டியால் மறைத்துக்கொண்டு விருந்தினருக்குக் கைகூப்பியதும் மகேசனிடம் படமாக இருக்கின்றன.

"அருளானந்தன் வீட்டு அன்னம் என்ரை வீட்டை வரக்கூடாது," என்றார் போன கிழமை. "நோர்வே அன்னம் வேணும். உயிரோடை நிக்கிறது. சிடியிலை இருக்கிறதை ஒட்டிப்போட்டு என்னைப் பேக்காட்டலாம் எண்டு நினையாதை."

மகேசனும் சளைத்தவனல்ல. எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடியில், உடுப்புக் காயப்போடுகிற அறைக்கு 'மகேஸ் டிஜிட்டல் ஸ்டூடியோ' என்று பெயர்ப்பலகை மாட்டியவன். "ஒரு கலைஞனிட்டைச் சொல்லிப்போட்டியள், அண்ணை. இனி விடுங்கோ," என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டான்.

இன்று மூன்றாவது நாள். கலைஞனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்தக் குளிரில் பற்றறி ஐந்து நிமிடத்தில் செத்துவிடும். ஒன்று கமராவில், ஒன்று கக்கத்தில் என்று மாற்றி மாற்றிச் சூடேற்றினான். "பொம்பிளை, நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ," என்று வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. பெண் அன்னம், அதாவது பெண்ணென்று அவன் முடிவுசெய்த அன்னம், தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை உயர்த்தியது.

கழுத்தில் தொலைநோக்கி தொங்கிய நோர்வேக் கிழவர் ஒருவர் பக்கத்தில் குந்தினார். எந்தப் பறவைக்காகக் காத்திருக்கிறாய் என்று மரியாதையாகக் கிசுகிசுத்தார்.

"கல்யாணத்துக்கு," என்றான் மகேசன், அவருடைய மொழியிலேயே.

கிழவர் அன்னங்களைப் பார்த்தார். ஏப்ரலில் வந்தால் நல்லது என்று ஆலோசனை சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

இன்னும் அரை மணி. ஆண் அன்னம் மட்டும் கழுத்தை அழகாக வளைத்து நின்றது. மகேசன் கமராப் பொத்தானை அமத்தினான்.

நல்ல படம். இதைக் கணினியில் புரட்டி எதிரே வைத்தால் சோடி தயார். ஒரே அன்னம் தன்னைத்தானே முத்தமிடும். ஆனால் நோர்வே அன்னம்தான், உயிரோடு நின்றதுதான். வாக்கில் ஒரு பழுதும் இல்லை. அவன் எழும்பிப் பனியைத் தட்டினான்.

போன் அடித்தது. தர்மலிங்கத்தார்.

"கிடைச்சுதோ?"

"கிடைச்ச மாதிரித்தான், அண்ணை. அருளானந்தன் அண்ணை பாத்தா வயிறெரிவார்."

"அவனை விடு." குரல் கீழ்மாடிக்கு இறங்கியிருந்தது. "நீ தந்த ஆயிரத்து இருநூறு படத்தையும் ஒண்டு விடாமல் பாத்தனான், தம்பி. பிள்ளையும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கிற படம் ஒண்டுகூட இல்லை. துரொண்ட்ஹெய்மிலை இருந்து போன் எடுத்தாலும் 'ஓம் அப்பா, சுகம்' எண்டுபோட்டு வைக்கிறாள். பொங்கலுக்கு ரெண்டு பேரும் வருகினம். அட்டையிலை எண்டாலும் ரெண்டு முகம் பாத்துக்கொண்டு நிக்கட்டும்."

மகேசனுக்கு உதடு விறைத்திருந்தது. புறங்கையால் அதைத் தேய்த்துக்கொண்டான்.

"அது என்ரை பிழை, அண்ணை. கமராவைப் பாருங்கோ, கமராவைப் பாருங்கோ எண்டு நான்தான் கத்திக்கொண்டு நிண்டனான். பாவம், அதுகள் என்ன செய்யுங்கள்?"

"உண்மையாவோ?"

"ஓம் அண்ணை."

மறுமுனையில் ஒரு பெரிய மூச்சு கேட்டது.

"உனக்குப் படம் எடுக்கத் தெரியாது எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றார் தர்மலிங்கத்தார். குரல் மறுபடி ஒரு மாடி ஏறியிருந்தது.

மகேசன் கமராவிலிருந்த ஒற்றை அன்னப் படத்தை அழித்தான். கக்கத்துப் பற்றறியை மாற்றினான். தன் உடம்பு பதிந்த பள்ளத்திலேயே திரும்பவும் குப்புறப் படுத்தான்.

"ஒருத்தரை ஒருத்தர் பாருங்கோ," என்றான் அன்னங்களிடம்.

கல்யாணத்தன்றும் காலை தொடக்கம் அவன் கத்தியது இதைத்தான்.