தலைக்கு மேல் ஒரு மின்கம்பி

மாடியறையில் எடிட்டிங் கம்ப்யூட்டர் குடியிருந்தது. கீழறையில் கிராபிக்ஸ் கம்ப்யூட்டர். இரண்டும் நேரில் பேசிக்கொண்டதே இல்லை. நடுவில் படத்தைச் சுமந்துகொண்டு படியேறி இறங்குவது ஹார்டு டிஸ்கின் தலையெழுத்து.

ஒரு சினிமாவில் கதாநாயகி கடற்கரையில் நிற்கும் ஷாட். அவள் தலைக்கு மேல் ஒரு மின்கம்பி தெரிந்தது. அதை அழிக்கச் சொல்லி மாடியிலிருந்து உத்தரவு வந்தது. கம்பி போனதும், "மணலில் அதன் நிழல் கிடக்கிறதே?" என்று திரும்பி வந்தது ஷாட். நிழலும் போனதும், "கம்பியை அழித்த இடத்தில் தலைமுடி பிசிறடிக்கிறதே?" என்று மறுபடியும் வந்தது.

மூன்றாம் நாள் கிராபிக்ஸ் கம்ப்யூட்டர் மூச்சிரைக்கச் சொன்னது: "முடியை இழை இழையாப் பிரிச்சு எடுத்திருக்கேன் தம்பி. பத்திரமாக் கொண்டு போ."

டிஸ்க் மாடிக்கு ஏறியது.

"அந்த ஷாட்டா?" என்றது எடிட்டிங் கம்ப்யூட்டர். "அதை நேத்தே படத்துலேர்ந்து தூக்கியாச்சே!"

"கீழே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே?"

"நீ மேலே வந்தா சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன்."

டிஸ்குக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கியது.

கிராபிக்ஸ் கம்ப்யூட்டரின் விசிறி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. "சொல்லு தம்பி, இந்தத் தடவை என்ன குறையாம்?"



"ஒரு குறையும் சொல்லலைண்ணே."

மூன்று நாளில் முதல் தடவையாக அந்த விசிறி ஓய்ந்தது.