நாலு மாஸ்க்

"மொத்தம் நாலு எடுத்து வைங்க" என்று மாமியார் கடைக்காரரிடம் சொன்னதும் மருமகளுக்குப் பகீரென்றது.

கடலுக்குப் போகப்போவது இரண்டே பேர். அவளும் அவள் கணவனும். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவர்கள் தனியாகப் போன தூரம் மருந்துக் கடை வரைக்கும்தான். இந்த ஒரு வாரத்துக்காக அவள் கணவனை நச்சரித்து, கணவன் மேனேஜரை நச்சரித்து, ஒருவழியாக லீவு கிடைத்திருந்தது. முகத்தில் மாஸ்க்கும் வாயில் குழாயுமாகத் தண்ணீரில் குப்புற மிதந்து மீன் பார்ப்பதாகத் திட்டம்.

அந்தச் சாமான் வாங்கத்தான் கடைக்கு வந்தார்கள். "எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்று மாமியார் செருப்பை மாட்டியபோதே அவளுக்கு உறுத்தியது.

நாலு! கூடுதலாக இருப்பதில் ஒன்று மாமியாருக்கு. இன்னொன்று அவர் தங்கைக்காகத்தான் இருக்கும். அக்கா எங்கேயோ தங்கை அங்கே.

"ஏங்க, உங்கம்மா நாலு கேக்குறாங்க" என்று கணவனின் காதைக் கடித்தாள்.

"மொத்தமா வாங்கினா விலை குறையும்னு கேட்டிருப்பாங்க."

"நாம என்ன கடையா வைக்கப் போறோம்?"

அவன் மெல்ல நகர்ந்துவிட்டான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே நின்றால் அடி இரண்டு பக்கமும் விழும் என்று தெரிந்த புத்திசாலி.

கடைக்காரர் முகம் முழுவதையும் மூடும் பெரிய மாஸ்க் ஒன்றை நீட்டினார். "புது மாடல், மேடம். குழாயைக் கவ்வவே வேண்டாம். மூக்காலயே மூச்சு விடலாம்."

மாமியார் விலையைப் பார்த்தார். தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல அதை மெதுவாகத் திரும்ப வைத்தார். "சாதாரணமா இருக்கறதைக் காட்டுங்க. கெட்டிக் கண்ணாடியா, ஓரம் மெத்துன்னு முகத்துல ஒட்டினாப் போதும்."

"காலுக்குத் துடுப்பு?"

"அது போற இடத்துலயே வாடகைக்குக் கிடைக்கும். வாயில வைக்கறதை மட்டும் சொந்தமா வாங்கினாப் போதும்."

ஓகோ, விசாரித்தே வைத்தாயிற்றா! இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற கதைதான் என்று மருமகள் உள்ளுக்குள் பொருமினாள்.

"வாரை மாட்டாம, முகத்துல வச்சு மூக்கால மூச்சை இழுங்க. கையை எடுத்தும் விழாம நின்னா அதுதான் உங்க அளவு" என்றார் கடைக்காரர்.

கணவனுக்கு எதுவுமே நிற்கவில்லை. மீசை வழியாகக் காற்று புகுந்து ஒவ்வொன்றும் பொத்தென்று விழுந்தது.

"மீசையை எடுத்துடுங்க சார். இல்லேன்னா வாஸ்லின் தடவிக்கங்க."

"தடவிக்கறேன், தடவிக்கறேன்" என்றான் அவசரமாக. அதை வளர்க்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

மருமகளுக்கு மாமியாரே பொறுக்கினார். "இது கன்னத்துல இடிக்குது. இது வேண்டாம். தண்ணி உள்ள புகுந்தா நீ மீனைப் பாப்பியா, கண்ணைக் கசக்குவியா?" கடைசியில் ஒன்று சிக்கென்று பிடித்துக்கொண்டது. விலையும் குறைவு. "இதே அளவுல இன்னொண்ணு" என்றார்.

பிறகு தனக்கு ஒன்றை வைத்துப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தார். "கையை விட்டுட்டேன் பாரு! விழல!" மூக்கு அடைத்திருந்ததால் குரல் கொணகொணவென்று வந்தது. அதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு. சிரித்த சிரிப்பில் மாஸ்க் கழன்று கையில் விழுந்தது.

மருமகளுக்கு மனசு என்னவோ செய்தது. மாமனார் போன பிறகு இவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரியில் வேலை, சாயங்காலம் வீட்டு வேலை. பாவம், வந்தால்தான் என்ன? ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு வாரம். அதை நினைத்தால் அழுகை வந்தது.

கூப்பிடவும் வேண்டும், அது காதில் விழவும் கூடாது. வழி கையிலேயே இருந்தது. குழாயை வாயில் கவ்விக்கொண்டாள்.

"அஹ்ஹே, நீங்ஹளும் எங்ஹகூஹ வாங்ஹ."

மனசாட்சிக்குச் சொல்லியாகிவிட்டது. புரியாமல் போனால் அவள் பொறுப்பா?

"எங்ககூட வாங்கன்னா சொல்றே?" மாமியார் சட்டென்று திரும்பினார்.

மருமகள் குழாயை விழுங்காத குறை.

"என்ன முழிக்கறே? பல் டாக்டர்கிட்ட இத்தனை வருஷமா வேலை பாக்குறேன். வாயில எதை வச்சுக்கிட்டுப் பேசினாலும் எனக்குப் புரிஞ்சுடும்."

இனிமேல் ஒளிய இடமில்லை. குழாயை எடுத்துவிட்டு, "ஆமா அத்தை. நிஜமாத்தான் கூப்பிடுறேன். நீங்களும் சின்ன அத்தையும் எங்ககூடவே வந்துடுங்க" என்றாள். சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. நான் நல்லவள்தான் போலிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாமியார் சந்தோஷப்படவில்லை. மகனைப் பார்த்தார். அவன் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"தப்பா எடுத்துக்காதேம்மா" என்று இழுத்தார் மாமியார். "நாங்க வேற ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சு. அடுத்த மாசம்."

"நீங்களும் சின்ன அத்தையுமா?"

"அவளுக்குத் தண்ணின்னாலே நடுக்கமாச்சே! நானும் உங்கம்மாவும். உனக்கும் அவங்களுக்கும் ஒரே முகவெட்டு, அதான் உனக்கு வச்சே அளவு பாத்துட்டேன்."

"எங்கம்மாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மாமியார் மாஸ்க்கின் வாரைத் திருகினார். "அவங்கதாம்மா சொல்லாதீங்கன்னாங்க. தெரிஞ்சா நீயும் கூடவே கிளம்பிடுவியாம். ஒரு வாரமாவது தனியா நிம்மதியா இருந்துட்டு வரணுமாம்."