ஒரு வரி எழுதிக் குடுங்க

"அம்பத்திரெண்டு நாள்தாங்க ஆச்சு! சீட்டுல மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழட்டலை. அதுக்குள்ள வண்டி இப்படிப் படுத்துக் கெடக்கு!"

நாச்சிமுத்துவின் சத்தத்தில், ஒட்டன்சத்திரம் ஷோரூமில் கார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. மேனேஜர் கோகுல்ராஜ் அவசரமாக அவரைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க சார். டீ சொல்லட்டுமா?"

"டீ குடிக்கிற சோலிக்கா தாண்டிக்குடியிலருந்து வந்திருக்கேன்? வண்டி ஏன் நின்னுச்சு, அதைச் சொல்லுங்க."

"கிளட்ச் எரிஞ்சுபோச்சு சார். மலையில ஏறுறப்ப கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க. அது ஓட்டுறவங்க தப்பு. வாரண்டியில வராது. முப்பத்தெட்டாயிரம் ஆகும்."

"அந்த மலையில இருவது வருஷம் ஜீப் ஓட்டினவன்ங்க நான்."

"ஜீப் வேற, கார் வேற சார்."

நாச்சிமுத்து நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் சம்சாரத்துக்கு வாரத்துல ரெண்டு நாள் டயாலிசிஸ் பண்ணணும். பஸ்ஸுல உக்காந்து வர அவளால முடியலைன்னுதான் காரே வாங்கினேன். செவ்வாக்கெழம ஆஸ்பத்திரி முடிஞ்சு திரும்புறப்ப பாச்சலூர் ஏத்தத்துல நின்னுருச்சு. நல்ல மழை. சிக்னல் கெடைக்கிற எடம் தேடி நடந்துபோயி உங்க நம்பருக்கு ஒம்போது தடவ போன் போட்டேன். எடுக்க ஆளில்ல. மூணு மணி நேரங் கழிச்சு உர மூட்டை ஏத்தின ஜீப்பு ஒண்ணு வந்துச்சு. அந்த மூட்டைக்கு மேல அவளைப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

"கஷ்டம்தான் சார். ஆனா நாங்க ரூல்ஸ்படிதான் போக முடியும்."

"என்னங்க ரூல்ஸு? மலையில கிளட்ச் போனாலும் ஒரு வருஷத்துக்குக் கம்பெனியே பாத்துக்கும்னு சொல்லித்தானே தலையில கட்டுனீங்க?"

கோகுல்ராஜ் நிமிர்ந்தார்.

"யார் சொன்னது?"

நாச்சிமுத்து சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஆனால் மேனேஜர் அதற்குள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு போனை எடுத்தார். "ஜெயப்பிரியாவை வரச் சொல்லு."

நீலக் கோட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஜெயப்பிரியா உள்ளே வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும்.

"சாருக்கு நீதான் வண்டி குடுத்திருக்க. மலையில கிளட்ச் போனா கம்பெனி பாத்துக்கும்னு சொன்னியா?"

அவள் மேஜை விளிம்பைப் பார்த்தபடி நின்றாள்.

"இல்ல சார். நான் அப்படிச் சொல்லலை."

நாச்சிமுத்து அவளையே பார்த்தார்.

"சொல்லலையாம்மா?"

"இல்ல சார்."

கோகுல்ராஜ் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நாச்சிமுத்துவின் பக்கம் தள்ளினார்.

"சார், நேராவே பேசுறேன். இல்லாததைச் சொல்லி வித்திருந்தா அது எங்க பக்கத் தப்பு. 'ஜெயப்பிரியா சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்'னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பைசா வாங்காம வண்டியைச் சரிபண்ணித் தர்றேன். இவங்க இன்னிக்கே வீட்டுக்குக் கெளம்பலாம். ஏற்கெனவே டார்கெட் முடிக்கலைன்னு ரெண்டு பேரை வேலைய விட்டு அனுப்பியாச்சு. இவங்களும் அந்த லிஸ்ட்டுல இருந்தவங்கதான். கடைசி நாள்ல உங்க வண்டியை வித்ததால தப்பிச்சாங்க."

நாச்சிமுத்து பேனாவை எடுத்தார். தாளின் தலைப்பில் தேதியை எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை.

ஜெயப்பிரியா அசையாமல் நின்றாள். கழுத்தில் தொங்கிய அட்டை மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது.

"எழுதுங்க சார்" என்றார் கோகுல்ராஜ்.

நாச்சிமுத்து பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் பொண்ணு சொல்லலைங்க. வேற எங்கயோ கேட்டதை இங்க கேட்டதா நெனச்சுட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்ப கிளட்ச் எரிஞ்சது?"

"என் தப்புதான். எங்க கையெழுத்துப் போடணும்? வெரசாக் குடுங்க, பஸ்ஸு போயிரும்."

'வாகனத்தைத் தவறாக ஓட்டியதால் ஏற்பட்ட பழுது' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டார். முன்பணமாகப் பத்தாயிரம் கட்டினார். மிளகு விற்று மருந்துக்கென்று வைத்திருந்த பணம் அது.

கோகுல்ராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா ஜெயப்பிரியா, கஸ்டமர்கிட்ட இப்படிப் பொறுமையாப் பேசணும். போ, சாரை கேட் வரைக்கும் விட்டுட்டு வா."

இருவரும் சர்வீஸ் கொட்டகையைத் தாண்டி நடந்தார்கள். பானெட் திறந்தபடி அவருடைய வெள்ளைக் கார் நின்றிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் ரசீதை நீட்டினாள்.

"அடுத்த சனிக்கிழமை வண்டி ரெடியாயிரும் சார்."

"அதுக்குள்ள ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போகணுமே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் அடுத்த வாடிக்கையாளருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்:

"உங்கம்மா போன் பண்ணி விசாரிப்பா. செலவு பூராவையும் கம்பெனியே ஏத்துக்கிச்சுன்னு சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டா, நீ சொன்னா நம்புவா."